உணவுக்குழாய்க் கட்டிக்கு ரோபோ ஆபரேஷன்: கையெழுத்து வாங்கும் முன் தமிழில் சொல்லுங்கள், டாக்டர்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எண்டோஸ்கோபி பார்க்கும் மருத்துவர்களுக்கும், நெஞ்சிலும் வயிற்றிலும் அறுவை செய்யும் நிபுணர்களுக்கும்,

வணக்கம். நான் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பில் எல்லாம் இன்சூரன்ஸ் கிளெய்முக்காக என் மிஷின் வழியாகத்தான் போகின்றன. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தாளை என் பக்கம் திருப்பி, "தம்பி, இதுல என்னா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்று கேட்பார்கள். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்த பிறகு கேட்பார்கள். உடம்பில் என்ன செய்தார்கள் என்பதை ஜெராக்ஸ் கடையில் வந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆனால் என் சொந்த அண்ணனுக்கு நடந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று உறைத்தது. அதனால் இந்த மடல்.

அண்ணன் பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரியும் லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். வயது 44. வேகமாகச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கும் ஆள். போன வருஷம் ஆடி மாதம் வாக்கில் அவர் சாப்பாட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் பரோட்டா வேண்டாம் என்றார். அப்புறம் இட்லியைக்கூட சாம்பாரில் ஊறவைத்து, கரண்டியால் மசித்துத்தான் தின்றார். ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாய் வைப்பார், மெல்லுவார், மெல்லுவார், தண்ணீர் குடிப்பார், நெஞ்சு நடுவில் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கித் தடவிவிடுவார், இறங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். அரைத் தட்டு சோற்றுக்கு முக்கால் மணி நேரம். கேட்டால் "கேஸ்டா" என்பார். ஏழெட்டு மாதம் கேஸ் மாத்திரையிலேயே ஓடியது.

கடைசியில் கடலூரிலேயே ஓர் இடத்தில் எண்டோஸ்கோபி எடுத்தோம். எடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "உணவுக்குழாயில ஒரு கட்டி இருக்கு, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், அஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த அஞ்சு நாள் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. உங்களுக்குக் கட்டி என்பது ஒரு சாதாரணச் சொல். எங்கள் ஊரில் உணவுக்குழாயில் கட்டி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அண்ணி நகையை எடுத்து எண்ணிப் பார்த்தார். அண்ணன் வண்டி ஆர்.சி. புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "எதுக்கும் நீ வச்சிக்கடா" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. சதையில் ஒன்றும் இல்லை, சாதாரண உள்தோல் என்று. சந்தோஷப்படுவதா, கட்டி இருக்கிறது என்றார்களே அது எங்கே போனது என்று பயப்படுவதா என்று தெரியவில்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே எண்டோஸ்கோப்பின் நுனியில் ஸ்கேன் வைத்துப் பார்க்கும் சோதனையும் சி.டி.யும் எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கட்டி உள்தோலில் இல்லை, அதற்கு வெளியே இருக்கும் தசை அடுக்கில் இருக்கிறது. ஆறு சென்டிமீட்டர். பெயர் லியோமயோமாவாக இருக்கலாம் என்றார்கள். புற்றுநோய் இல்லை.

பிறகு நான் மாதக்கணக்காக இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன், தெரிந்த மருத்துவ மாணவர்களிடம் கேட்டேன். படித்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உணவுக்குழாயில் வரும் கட்டிகளில் தீங்கில்லாதவை மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த லியோமயோமா. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், குழாயின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும். மெதுவாக வளரும். ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் பல பேருக்கு அது இருப்பதே தெரியாது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. எண்டோஸ்கோபியில் பார்த்தால் உள்பக்கம் வழவழவென்று உப்பியிருக்கும், மேலே தோல் கிழிந்திருக்காது, புண் இருக்காது. பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தை என் கடை லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இறங்கும் கோட்டில் ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி ஒரு பள்ளம், ஓரம் கொஞ்சமும் சொரசொரப்பு இல்லாமல்.

இதில் ஒரு விஷயத்தை எண்டோஸ்கோபி எடுக்கும் டாக்டர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். மேல்தோல் நன்றாக இருந்து, உள்ளே உப்பியிருக்கும் கட்டி இந்த வகை என்று தோன்றினால், அவசரப்பட்டுச் சதை எடுக்க வேண்டாம் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிற எச்சரிக்கை. சாதாரணமாகக் கிள்ளி எடுக்கும் சதை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், கட்டியைத் தொடாது. விடை கிடைக்காது. ஆனால் கிள்ளிய இடத்தில் புண் ஆறும்போது தோலும் கட்டியும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டியை உரித்தெடுக்கும் நேரத்தில் அந்த ஒட்டின இடத்தில்தான் தோல் கிழியும். எப்போதுமே எடுக்கக் கூடாது என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஜிஸ்ட் என்கிற வேறு வகைக் கட்டியோ என்ற சந்தேகம் வந்தால் ஊசி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டி வரும், அதன் வைத்தியமே வேறு என்று தெரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: கிள்ளுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை. "இது தோலுக்கு அடியில இருக்குற மாதிரி தெரியுது, இப்ப சதை எடுக்கல, முதல்ல உள்ஸ்கேன் பார்த்துடலாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த அஞ்சு நாளும் எங்களுக்கு வந்திருக்காது, பிறகு வந்த ஒன்பது நாளும் வந்திருக்காது. அதற்கு வருகிறேன்.

அண்ணனுக்கு விழுங்க முடியாத நிலை, கட்டியும் பெரிது. அதனால் ஆபரேஷன் தேவைதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சின்னதாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும் என்பதும் ஒரு வழி. அதை நோயாளியிடம் சொல்கிறீர்களா? சின்னக் கட்டிக்கு வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, உள்தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி போட்டு எடுக்கும் முறையும் இருக்கிறது. அது எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது, சரி. இருந்தாலும் அப்படி ஒன்று உண்டு என்று காதில் போட்டு வைக்கலாமே.

புதுச்சேரியில் எங்களுக்குச் சொன்னது "ரோபோட்டிக் பண்ணிடலாம், அட்வான்ஸ்ட் டெக்னாலஜி" என்பது மட்டும்தான்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, மிஷினா அறுக்கும்? பாதியில கரண்டு போச்சுன்னா?" 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நாள் கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்த ஊர் இது. அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு விடை சொல்ல யாரும் இல்லாததால் நானே படித்துச் சொன்னேன். ரோபோ தானாக எதையும் அறுக்காது அம்மா, டாக்டர்தான் அறுக்கிறார், அதே அறையில் கன்சோல் என்று ஒரு பெட்டிக்குள் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் விரல் அசைகிறபடி அங்கே இரும்புக் கையின் நுனி அசையும், அவர் கையை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். நோயாளி பக்கத்தில் இன்னொரு டாக்டர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, மிஷின் மக்கர் செய்தால் அந்தக் கைகளைக் கழற்றி நகர்த்திவிட்டு மற்ற முறையில் ஆபரேஷனை முடிப்பார்கள். அம்மா கேட்டுவிட்டு, "இத அந்த டாக்டரு சொன்னா என்ன" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

ஏனென்றால் சொல்வதற்கு நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. முன்பெல்லாம் இந்தக் கட்டிக்கு விலா இடுக்கைப் பிளந்து நெஞ்சைத் திறக்க வேண்டும். 1990களில் நெஞ்சில் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் முறை வந்தது. டா வின்சி என்ற அறுவை ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது, 2004லேயே ரோபோ உதவியோடு உணவுக்குழாய் லியோமயோமாவை எடுத்ததாக மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. அதாவது நேற்று முளைத்த வேலை இல்லை. நுனிக் கருவி நம் மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கத்தை மிஷின் வடிகட்டிவிடும், படம் முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும். இந்த ஆபரேஷனில் செய்ய வேண்டியது என்ன? ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து இடம் உண்டாக்கி, உணவுக்குழாயின் தசையை நீளவாக்கில் பிரித்து, அடியில் இருக்கும் மெல்லிய உள்தோல் கிழியாமல் கட்டியை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுக்கிறோமே, சுளை கிழியாமல், அந்த மாதிரி. பக்கத்தில் வேகஸ் நரம்பு ஓடுகிறது, அதில் கை படக் கூடாது. எடுத்த பிறகு குழாயைத் தண்ணீரில் மூழ்கவிட்டு உள்ளேயிருந்து காற்று செலுத்தி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், சைக்கிள் கடையில் டியூபை வாளியில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். பிறகு பிரித்த தசையை மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் உள்தோல் பை மாதிரி பிதுங்கிவிடும். விலாவுக்குள்ளே, இதயத்துக்குப் பின்னால், இவ்வளவு குறுகிய இடத்தில் நின்று தைக்க வளையும் கருவி எவ்வளவு உதவும் என்பது எனக்கே புரிகிறது. பலாப்பழமே பிழைப்பான அண்ணனுக்குச் சுளையை வைத்துச் சொன்னால் புரியாமல் போகுமா?

அதே நேரம் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். இந்தக் கட்டியே அரிது என்பதால், இதற்கு ரோபோ நல்லதா, சாதாரணத் துளை வழி ஆபரேஷன் நல்லதா என்று பெரிய அளவில் ஆட்களைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தாங்கள் செய்ததைத் தொகுத்து எழுதியவைதான் பெரும்பாலும். நெதர்லாந்தில் 112 பேரை வைத்து நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், ரோபோ உதவியோடு செய்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும் திறந்து செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வந்ததாகச் சொல்கிறார்கள். நல்ல வித்தியாசம். ஆனால் அது புற்றுநோய்க்காக உணவுக்குழாயையே வெட்டி எடுக்கும் ஆபரேஷன், ஒப்பிட்டதும் நெஞ்சைத் திறந்து செய்யும் முறையோடு. அந்த எண்ணை எடுத்து எங்கள் அண்ணன் கட்டிக்குப் பொருத்திச் சொல்வது நியாயமில்லை. ரோபோ என்ற சொல்லைவிட, உட்கார்ந்து அதை இயக்குகிற கை இந்த வேலையை எத்தனை தரம் செய்திருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, எங்கள் வீட்டு ஆளை உங்கள் கையில் விடப்போகிறோம், அதனால் கேட்கிறோம்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு தங்கை வயதுள்ள ஒரு நர்ஸ் ஆறு பக்கச் சம்மதப் படிவம் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலம். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் அண்ணன் கையெழுத்துப் போட்டார், கீழே நானும் சாட்சியாகப் போட்டேன். அந்தத் தங்கையைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அந்த வார்டு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். இத்தனைக்கும் தினம் ஆங்கிலத்தில் டைப் அடிக்கிற ஆள் நான், எனக்கே மூன்றாவது பக்கத்தில் இருந்த "உள்தோல் துளைபடலாம்" என்ற வரி அப்போது கண்ணில் படவில்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சம்மதம் என்றால் அது உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும், சிகிச்சை என்ன, எதற்காக, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்பதெல்லாம் போதுமான அளவுக்கு நோயாளிக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று. ராத்திரி ஒன்பதரைக்கு பெருக்கல் குறி போட்டு வாங்கியது அந்தச் சம்மதம் ஆகுமா?

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. ஆறு சென்டிமீட்டர் கட்டியும் முழுசாக வந்தது. ஆனால் சதை கிள்ளின இடத்தில் ஒட்டியிருந்ததால் உள்தோலில் சின்னதாகக் கிழிந்துவிட்டது, கண்டுபிடித்து அப்போதே தைத்துவிட்டோம் என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு என்றைக்கும் நன்றி. ஆனால் நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்த இடத்தில் ஒன்பது நாள் ஆனது. நெஞ்சில் குழாய், வாயில் ஒரு சொட்டு தண்ணீர் கிடையாது, மருந்து குடிக்கவைத்துப் படம் எடுத்து ஒழுகவில்லை என்று உறுதியான பிறகுதான் இளநீர். அந்த ஒன்பது நாளும் அண்ணி வார்டு வாசலில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், "நாலு நாள்னாங்களே, என்னமோ ஆயிடுச்சா?" முன்கூட்டியே ஒரு தாளில் "இப்படி ஆகலாம், ஆனால் இப்படிச் சரிசெய்வோம், அப்போது நாள் கூடும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

செலவைப் பற்றியும் அதே தாளில் இருக்க வேண்டும். ரோபோட்டிக் சர்ஜரியை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்று, அந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019லேயே விதி போட்டுவிட்டது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. பாலிசியில் அந்த வரி எங்கேயோ உள்ளே இருக்கும். பில் கட்டும் அன்றுதான் தெரியும். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆனது, வண்டியை அடகு வைத்தோம். "ரோபோ வழியில் இவ்வளவு, சாதாரணத் துளை வழியில் இவ்வளவு, உங்கள் பாலிசியில் ரோபோவுக்கு வரம்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று மூன்று நாள் முன்னால் சொல்லியிருந்தால் யோசித்து முடிவெடுத்திருப்போம். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரோபோ அறுவை மையம் திறந்திருக்கிறார்கள், அரசுத் துறையிலும் இது வந்துவிட்டது. அங்கே எழுதிக் கொடுத்து அனுப்ப முடியுமா, முடியாதா என்றாவது கேட்டிருப்போம்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். தமிழில். ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் கையில் கிடைக்க வேண்டும். கட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு படம், இது புற்றுநோயா இல்லையா, உறுதியாகத் தெரியுமா இன்னும் தெரியாதா, செய்யாமல் விட்டால் என்ன, எந்தெந்த வழியில் எடுக்கலாம், ரோபோ என்றால் யார் இயக்குவார், உள்தோல் கிழிந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்போது சோறு சாப்பிடலாம். வீட்டில் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கேள்வியோடு வருவோம், பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எழுத நேரமில்லை என்பீர்கள். உண்மைதான், உங்கள் ஓ.பி. வரிசையை நான் பார்த்திருக்கிறேன், கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே சீட்டுக்கு நிற்கும் கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வரைவை நானே டைப் செய்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம், 14 பாயின்ட் எழுத்தில், வயதானவர்களும் படிக்கிற மாதிரி. மருத்துவம் படிக்காதவன் எழுதியது, எனவே அதில் பிழை இருக்கும், உங்களில் யாராவது ஒருவர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால் போதும். திருத்தினதை மறுபடி அடித்து, எந்த மருத்துவமனை கேட்டாலும் பிரதி எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். தாளின் தலைப்பில் உங்கள் மருத்துவமனை பெயரைப் போட்டுக்கொள்ளலாம், என் பெயர் எங்கேயும் வராது.

அண்ணன் இப்போது மறுபடி லோடு அடிக்கிறார். போன வாரம் கடைக்கு வந்து, மேஜையில் இருந்த அந்த வரைவை எடுத்துப் படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். "எப்போது சோறு சாப்பிடலாம்" என்பதைக் கடைசியில் போட்டிருந்தேன், அதை மேலே தூக்கிப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்காரன்